பின்சென்ற வல்லியின் வாரிசுகள்

சிங்கப்பூரில் திருச்சிக்காரர் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ராமஜெயம் கொலையில் வந்து நிற்கும். டிக்கெட் விலை, காவிரியில் தண்ணீர், சத்திரம் பேருந்து நிலையத்து நெரிசல் எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்துவார். "யாரு பண்ணினான்னு எனக்குத் தெரியும்ணே. வெளியில சொன்னா வம்பு."

2012 மார்ச் 29 அதிகாலையில் தில்லைநகர் வீட்டிலிருந்து நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் கே.என்.ராமஜெயம், கல்லணைச் சாலையில் திருவளர்ச்சோலைப் பக்கம் பிணமாகக் கிடந்தார். திமுகவின் கே.என்.நேருவுக்குத் தம்பி. உள்ளூர்ப் போலீஸ் விசாரித்தது, சிபிசிஐடி விசாரித்தது, உயர் நீதிமன்ற உத்தரவில் சிபிஐ விசாரித்தது. 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. துப்புக் கொடுப்பவருக்கு 50 லட்ச ரூபாய் என்று அறிவித்தார்கள். பத்துப் பேருக்கு மேல் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. பத்தாண்டுக்கு மேலாகியும் வழக்கு துலங்கவில்லை. ஆனால் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டு மேசைகளில் அது எப்போதோ துலங்கிவிட்டது. ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆதாரம் கேட்டால் யூடியூப் காணொளி ஒன்று வரும். அதற்கு ஆதாரம் கேட்டால் இன்னொரு காணொளி.

இது ஊரைவிட்டு வந்தவர்களுக்கே உரிய வியாதியோ என்று எனக்குச் சந்தேகம். ஊரில் இருப்பவனுக்கு மளிகைக்கடையிலும் கோயில் வாசலிலும் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் கதையை இன்னொருவர் வெட்டிவிடுவார். இங்கே வெட்டுவதற்கு ஆளில்லை. பதினாலாவது மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் இரவு பதினொரு மணிக்குத் தனியாகக் கைப்பேசியைத் தேய்க்கிறவனுக்குக் கிடைப்பது அரைச் செய்தி. மீதி அரையை அவனே எழுதிக்கொள்கிறான்.

அந்த மனநிலையை அப்படியே படம்பிடித்த ஆவணத் தொடர் ஒன்று 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மூன்றே பாகம். பூனைகளோடு வைத்துக்கொள்ளாதே என்பதை அச்சில் போட முடியாத வார்த்தையோடு சொல்கிற தலைப்பு. பூனைக்குட்டிகளைக் கொன்று காணொளி போட்ட ஒருவனை, ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத ஃபேஸ்புக் ஆட்கள் தேடிப் புறப்படுகிறார்கள். அறையில் தெரிகிற தூசி உறிஞ்சி எந்த ஊர் மாடல், சுவரில் உள்ள மின்துளை எந்த நாட்டு வடிவம் என்று நொண்டி நொண்டி முன்னேறி, லூக்கா மக்னோட்டா என்ற கனடாக்காரனின் பெயருக்கு வந்துவிடுகிறார்கள். 2012இல் அவன் மாண்ட்ரியலில் ஒரு சீன மாணவரைக் கொன்று பெர்லினில் பிடிபட்டான். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் வழியில் வேறொருவர் மீது தவறாகப் பழி போட்டார்கள். அவர் பிறகு தற்கொலை செய்துகொண்டார். தொடர் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. எனக்கு அந்த நிமிடங்கள்தான் தொடர். முடிவில், துப்பறிந்த அம்மாள் கேமராவைப் பார்த்து, இவனுக்கு வேண்டிய பார்வையாளர்களாக இருந்த நாமும் உடந்தைதானா என்று கேட்கிறார். மூன்று மணி நேரம் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவாரசியம் காட்டிவிட்டுக் கடைசியில் நம்மைக் கேட்பது கொஞ்சம் அதிகம்.

2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போதும் இதே கதை. காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குண்டு வைத்தவர் என்று இணையம் அறிவித்தது. அவர் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார் என்பது சில நாள் கழித்து உடல் கிடைத்தபோதுதான் தெரிந்தது. சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. 2017இல் தோ பாயோ உணவங்காடி ஒன்றில் ஒரு தம்பதி முதியவர் ஒருவரைத் தள்ளிவிட்ட காணொளி பரவியது. இணையப் புலிகள் ஒரு வங்கி ஊழியரின் பெயரைக் கண்டுபிடித்துத் திட்டித் தீர்த்தார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வங்கியே மறுப்பு விடவேண்டி வந்தது. துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனி விவரங்களை வெளியிடுவது 2020 முதல் இங்கே குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. குடியேறிய நாட்டுச் சட்டங்களில் நான் முணுமுணுப்பவை பல. இதை முணுமுணுக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இணையத் துப்பறிவாளர்களை ஒட்டுமொத்தமாகத் தள்ள எனக்கு மனம் வராததற்குக் காரணம் ஒரு கைதி. திருச்சி விமான நிலையத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் போகிறவர்கள் புதுக்கோட்டைச் சாலையில் மத்திய சிறையைக் கடந்துதான் ஊருக்குள் வரவேண்டும். நியூயார்க் மேடிசன் அவென்யூவில் கலைக்கூடம் நடத்திய சுபாஷ் கபூர் அந்தச் சுவருக்குள்தான் வருடக்கணக்கில் இருந்தார். 2011 அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் கைதாகி, 2012 ஜூலையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டவர். அரியலூர் மாவட்டம் சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில் சிலைத் திருட்டில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பத்தாண்டு கொடுத்தது. அவரைப் பிடித்தது போலீஸ்தான். ஆனால் அவர் விற்றவற்றைத் தேடிப்போய் இது இன்ன ஊர்க் கோயில் சிலை என்று காட்டியவர்களில் முன்னால் நின்றவர், சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ்.விஜய்குமார் என்ற தமிழர். கோயில் சிற்பங்கள் மீதுள்ள பித்தில் இணையத்தில் எழுதத் தொடங்கியவர். பின்னால் அனுராக் சக்சேனாவோடு சேர்ந்து இந்தியா பிரைட் ப்ராஜெக்ட் என்ற தன்னார்வக் குழுவை ஆரம்பித்தார். சம்பளம் கிடையாது. பகலில் வேலை, இரவில் சிலை.

அவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது, பொறுமையைச் சோதிப்பது. ஒரு பக்கம் விற்பனைப் பட்டியல்களிலும் அருங்காட்சியக இணையதளங்களிலும் வந்த வண்ணப் படங்கள். மறுபக்கம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் முதல் கிராமம் கிராமமாகப் போய் எடுத்து வைத்த லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். சோழர் செப்புத் திருமேனி மெழுகில் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றி வார்த்தது. கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே அச்சு அசலாக இரண்டு இருக்காது. முறிந்த விரல், பீடத்துத் துளை, அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு, இவை எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும்.

ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயில் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006இல் உள்ளே இருந்த திருமேனிகள் திருடுபோயின. போனதே ஊருக்கு 2008இல்தான் தெரிந்தது. அதே 2008இல் அவற்றில் ஒன்றான நடராஜரைக் கபூரிடமிருந்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிவிட்டது. 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனவர் என்பதற்குப் போலிக் காகிதம் தயாராக இருந்தது. விருத்தாசலத்து அர்த்தநாரீஸ்வரர் சிட்னியில் இருப்பதைப் பழைய படத்தோடு பொருத்திக் காட்டினார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் இரண்டு பேரையும் டெல்லியில் ஒப்படைத்தார். ஸ்ரீபுரந்தான் அம்பாளோ என் பக்கத்திலேயே இருந்தாள். ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் ஆறரை லட்சம் டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் குளிரூட்டிய அறையில் புடவையில்லாமல், பூவில்லாமல் நின்ற அவளைப் பார்க்க உள்ளூர் நண்பர்களைப் பெருமையோடு அழைத்துப்போன திருச்சிக்காரர்கள் உண்டு. 2015இல் அரும்பொருளகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சிலை தேடும் தொழில் புதிதில்லை. கோயிலின் பழைய வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் கதையில், பெருமாளைச் சேவிக்காமல் சாப்பிடாத கரம்பனூர்ப் பெண் ஒருத்தி, உற்சவரைத் தூக்கிப்போன படையின் பின்னாலேயே டெல்லி வரை போய், அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவந்து கோயிலாருக்குச் சொன்னாள். பின்சென்ற வல்லி என்று அவளுக்குப் பெயர். கரம்பனூர் இன்றைய உத்தமர்கோயில், கொள்ளிடத்துக்கு அக்கரை. 1323 டெல்லிப் படையெடுப்பின்போது, மீண்டு வந்திருந்த உற்சவரைக் கோயிலாரே எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் ஊர் ஊராக அலைந்து 1371இல்தான் விஜயநகரத் தளபதி கோபண்ணரோடு திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறோர் உற்சவர் எழுந்தருளியிருந்தார். வந்தவர் அசல்தானா என்று சொல்லப் பழைய ஆள் யாரும் மிச்சமில்லை. கண் தெரியாத கிழ வண்ணார் ஒருவர் இருந்தார். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடையின் தீர்த்தத்தைக் கொடுத்தார்கள். வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, இவர்தான் நம்பெருமாள் என்றார். அந்தப் பெயர் நிலைத்தது. இடையில் இருந்தவரையும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்று இன்னும் உள்ளேயே இருக்கிறார்.

திருமங்கையாழ்வார் கதை இன்னும் வேடிக்கை. அரங்கன் கோயில் மதிலுக்குப் பணம் வேண்டி, நாகப்பட்டினத்துப் பொன் புத்தரையே திருடிவந்தவர் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். ஆலிநாடன் திருவீதி அவர் பெயரில் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் அவர் பெருமாளை வழிமறித்துப் பறிக்கும் வேடுபறியைப் பார்க்க மணல்வெளியில் கூட்டம் நெரியும். அந்தக் கள்ளர்பிரானின் செப்புத் திருமேனியையே கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலிலிருந்து எவனோ அடித்துப் போயிருக்கிறான். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967 ஏலத்தில் வாங்கியது. 2019இல் தனி ஆய்வாளர் ஒருவர் 1957இல் கோயிலில் எடுத்த படத்தைக் காட்டினார். 2024இல் பல்கலைக்கழகம் திருப்பித் தரச் சம்மதித்தது.

சிலைத் துப்பறிவாளர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. யார் கண்டுபிடித்தது என்பதில் போட்டி உண்டு, ஆர்ப்பாட்டம் உண்டு. ஆனால் அவர்கள் ஒரு படத்தைத் தவறாகப் பொருத்தினால் காப்பாளர் ஒருவர் மறுத்துக் கடிதம் எழுதுவார், அவ்வளவுதான். ராமஜெயம் வழக்கில் தவறான பெயரைச் சொன்னால் திருச்சியில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. சாப்பாட்டு மேசை அண்ணன்களுக்கு நான் சொல்வது இதுதான்: உண்மையிலேயே ஏதாவது தெரிந்தால் புலனாய்வுக் குழுவிடம் சொல்லுங்கள், 50 லட்சம் காத்திருக்கிறது. தெரியாவிட்டால் காபியைக் குடியுங்கள்.

திரும்பி வந்த திருமேனிகளில் பல இன்னும் தம் கோயிலுக்குப் போகவில்லை. கம்பிக் கதவுக்குள் பாதுகாப்பு மையங்களில் இருக்கின்றன. அது வேறு சண்டை. இந்தச் சண்டைக்கு இப்போது தேவைப்படுவது பழைய படங்கள். பிரெஞ்சு நிறுவனத்தின் கேமரா போகாத கிராமக் கோயில்கள் திருச்சி, அரியலூர், தஞ்சை வட்டாரத்தில் நிறைய உண்டு. ஆனால் அந்த ஊர்களில் கல்யாணம் நடந்திருக்கும், கும்பாபிஷேகம் நடந்திருக்கும், யாரோ ஒரு ஸ்டுடியோக்காரர் உற்சவர் பக்கத்தில் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்திருப்பார். அந்த ஆல்பம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இறக்குங்கள். ஊர், கோயில், ஆண்டு மூன்றையும் அம்மாவிடம் கேட்டுப் பின்னால் எழுதுங்கள். ஸ்கேன் எடுத்து ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்துக்கும் ஒரு பிரதியைப் புதுச்சேரிக்கும் அனுப்பிவிடுங்கள்.