மண்வெட்டி பிடிக்க விசா வேணுமா?

"லீவுல ஃபாரின் போய் வாலன்ட்டியரா வேலை பார்க்கப் போறேன் மச்சி. அங்க ஒரு கிராமத்துக்கு தண்ணி வசதி செஞ்சு தரணுமாம்!" இப்படிச் சொல்ற ஃப்ரெண்ட் இப்போ எல்லா காலேஜ்லயும் ஒருத்தர் இருக்காங்க. நல்ல ஆசைதான். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எங்க ஏழு நாள் கதையைக் கேட்டுட்டுப் போங்க பாஸ்.

கும்மிடிப்பூண்டி தாலுகா, தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். அங்கதான் எங்க என்.எஸ்.எஸ். முகாம். ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாயைத் தூர் வாரணும். ஆறு மாசம் எங்க காலேஜ்ல படிக்க வந்திருந்த ஒரு ஜெர்மனிப் பொண்ணும் டீம்ல சேர்ந்துகிட்டா. நமக்கு லோக்கல், அவளுக்கு ஃபாரின்!

முதல் நாள் காலையிலேயே நூறு நாள் வேலைக்குப் போய்ப் பழகின அக்கா ஒருத்தங்க க்ளாஸ் எடுத்தாங்க. "மண்ணை அந்தாண்ட தள்ளிப் போடு தம்பி. ஓரத்துல கொட்டினா மொத மழையில திரும்ப உள்ளதான் வரும்." வாட்டம் சரியா இருக்கான்னு பார்க்க ஒரு பெரியவர் குடத்துத் தண்ணியை ஊத்தி, அது ஓடுற பக்கத்தைக் காட்டினார். கருவியும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. நாங்க பத்து பேர் பாண்டு சுமந்த நேரத்துல நாலு அக்காக்கள் எங்களைத் தாண்டிப் போயிட்டாங்க!

மூணாம் நாள் டீ குடிக்கும்போது அந்த ஜெர்மனிப் பொண்ணு கேட்டா: "அடுத்த வருஷம் யார் தூர் வாருவாங்க?" நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் சிரிச்சார். "நாங்கதான். வேற யாரு?"

எனக்கு அந்தப் பதில்தான் முகாமோட ஹைலைட். ஏரியில பாசனம் பண்றவங்களே அதைப் பராமரிக்கிறதுக்கு நம்ம ஊர்ல குடிமராமத்துன்னு பேர். 1858-ல ஆங்கிலேய அரசு இதுக்காகச் சட்டமே போட்டது. 2017-ல தமிழக அரசு அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டு வந்தது.

ஊர்க்காரங்களைக் கேட்காம செஞ்சா என்ன ஆகும்? 'பிளே பம்ப்' கதை இருக்கே! குழந்தைங்க ராட்டினம் சுத்தி விளையாட, அந்த வேகத்துல தண்ணி தொட்டிக்கு ஏறும். செம ஐடியா இல்ல? 2006-ல அமெரிக்காவுல இதுக்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவிச்சாங்க. தென் ஆப்பிரிக்கா, மொசாம்பிக்னு பல இடத்துல வெச்சாங்க. குழந்தைங்க விளையாடாத நேரத்துல பெண்கள்தான் அந்த ராட்டினத்தைக் கையால தள்ளணும். ரிப்பேர் ஆனா உள்ளூர்ல சரி பண்ண முடியல. நல்லா ஓடிட்டு இருந்த கைப்பம்பை எடுத்துட்டு இதை வெச்ச ஊரும் உண்டு. பாவம்!

சென்னை ஃப்ரெண்ட்ஸுக்கு இன்னொரு சேதி. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைச்சு, 380 கோடி ரூபாய்ல ஒரு நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பர் 21-ல திறந்தாங்க. கொள்ளளவு 50 கோடி கன அடி. கிருஷ்ணா தண்ணியும் இங்க சேரும். ஒரு காலத்துல ஊர் வயலுக்குப் பாஞ்ச ஏரிங்க, இப்போ நம்ம ஊர்க் குடிதண்ணிக்கு. அதனால, அங்க மண் சுமக்கிறதுக்கு 'சேவை'ன்னு பேர் வெக்க எனக்குக் கூச்சமா இருக்கு. கொஞ்சம் கடன் அடைச்சோம், அவ்வளவுதான்.

வெளிநாடு போங்க, தப்பே இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இந்த வேலையைக் கேட்டது ஊர்க்காரங்களா? அவங்களும் கூட நின்னு செய்யறாங்களா? நாம கிளம்பினப்புறம் ரிப்பேர் பார்க்க அங்கேயே ஆள் இருக்கா? மூணுக்கும் 'ஆமா'ன்னு பதில் வந்தா, தாராளமா பையைத் தூக்குங்க. 'இல்லை'ன்னு வந்தா, அந்த டிக்கெட் காசுல உங்க பக்கத்து ஊர் ஏரிக்கு எத்தனை மண்வெட்டி வாங்கலாம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்களேன்!