சும்மா நிற்கும்போது

ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால்தான் வண்டி நடுங்கும். இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோகும். அப்பா விட்டுப்போன மாரிஸ் மைனர் 1000. வயது அறுபது ஆகிவிட்டது. ஆறு வருஷமாக நான் செய்துவந்த வைத்தியம் ஒன்றே: ஐடிலிங் திருகைக் கொஞ்சம் ஏற்றிவைப்பது. வண்டி அணையாது, இரைந்துகொண்டே நிற்கும். சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வேன்.

இதில் இருப்பது எஸ்.யூ. கார்புரேட்டர். ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். ஸ்கின்னர்கள் செருப்பு வியாபாரக் குடும்பம். அவர்களுடைய ஆரம்ப கார்புரேட்டர்களில் இருந்தது தோல் துருத்தி. பிற்பாடு அந்த இடத்துக்குப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் இழுக்கிற மூச்சுக்குத் தக்கபடி அது ஏறி இறங்குகிறது. அடியில் இருக்கும் ஊசி பெட்ரோலை அளந்து விடுகிறது.

பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். கார்புரேட்டரை அவர் முதலில் தொடவே இல்லை. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பாயிண்ட் 0.015 அங்குலம் என்று அளந்து வைத்தார். "மத்ததெல்லாம் சரியா இருந்தாத்தான் சார் இது உண்மையைச் சொல்லும்."

பிறகு, ஓடுகிற எஞ்சினில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பிடித்தார். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். லேசாக ஏறி உடனே அடங்கினால் கலவை சரி. எங்கள் வண்டி செத்துப்போயிற்று. பெட்ரோல் போதவில்லை, அல்லது கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது.

த்ராட்டில் ஸ்பிண்டில் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். எஞ்சினின் குரல் மாறிற்று. இத்தனை வருஷம் மிதித்ததில் துவாரம் தேய்ந்து, அந்தச் சந்து வழியாகக் காற்று. வேகமாகப் போகும்போது உள்ளே பாய்கிற காற்றில் இது ஒரு பொருட்டில்லை. நிற்கும்போதுதான் பொருட்டு.

"ஸ்குரூவை யாரு சார் இவ்வளவு ஏத்தினது?"

நான் பதில் சொல்லவில்லை.

லேத் பட்டறையில் பித்தளை புஷ் போட்டு வாங்கி மாட்டினோம். திருகை அவர் இறக்கிக்கொண்டே வந்தார். அணைந்துவிடும் என்று நான் பயந்த இடத்தையும் தாண்டி இறக்கினார். வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

ரிடையரான மறுமாதம் அப்பா என்னிடம், "சும்மா உக்கார முடியலைடா" என்றார். ஒரு கடையில் கணக்கு எழுத ஏற்பாடு செய்துகொடுத்தேன். கடைசிவரை போய்வந்துகொண்டிருந்தார். ஏன் முடியவில்லை என்று நான் கேட்கவில்லை.