உண்ண மறுத்த மீன்



சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்குச் சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்புவது அரிது. உறவினர் இல்லத் திருமணத்திற்குப் போயிருந்த நாங்களும் அவ்வாறு திரும்பவில்லை. உள்ளங்கையைவிடச் சற்றே சிறிய டிஸ்கஸ் மீன் ஒன்றை ஆக்சிஜன் நிரப்பிய பையில் வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய 180 கிலோமீட்டர் இரயிலில் பயணித்து ஆம்பூர் வந்து சேர்ந்தோம். வழிநெடுக அப்பையை மடியில் வைத்திருந்தவள் எங்கள் இளைய மகள்.

வீட்டில் முன்பே பெரிய தொட்டி ஒன்றில் மீன்கள் உள்ளன. முன்னொரு முறை புதிய மீனை நேரே அதில் விட்டு, வெண்புள்ளி நோயால் பாதி மீன்களை இழந்திருக்கிறோம். ஆதலின் இம்முறை நான்கு வாரம் தனித் தொட்டி என்று முடிவு செய்திருந்தோம். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஒட்டகத்திற்குச் சொன்ன எச்சரிக்கையை மீனுக்கும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்றே கருதுகிறோம்.

ஆனால் மீன் உண்ணவில்லை. வந்த நாளில் நிறம் கறுத்து, தொட்டியின் மூலையில் முகம் திருப்பி நின்றது. மறுநாள் குருணைத் தீவனம் இட்டோம். வாயருகே விழுந்ததையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உறையவைத்த இரத்தப்புழு. நான்காம் நாள் இரண்டையும் மாற்றி மாற்றி இட்டோம். வீட்டுப் பெரியவர் ஒருவர், "ஆம்பூரில் வந்து பட்டினி கிடக்கும் முதல் உயிர் இதுதான்" என்று சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை. பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது வெளியே சென்று இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியைச் சிறுவயது முதலே மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்பெண் உணவளிக்கவில்லை, நாங்கள் அளித்தோம், மீன் உண்ணவில்லை. இந்த வேறுபாடு மனத்திற்குப் போதிய ஆறுதலைத் தரவில்லை. கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் உயிரால் வேறிடம் தேடிப் போக இயலாது.

உண்மையில், உணவை மேன்மேலும் இட்டதே எங்கள் முதல் பிழை. உண்ணப்படாத தீவனம் அழுகி அம்மோனியாவாகிறது. பழைய தொட்டியில் அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியிருக்கும். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் அவை பெருகச் சில வாரங்களாகும். பசியைப் போக்குவதாக எண்ணி நீரை நஞ்சாக்கிக்கொண்டிருந்தோம். டிஸ்கஸ் போன்ற மீன் உடல்நலத்துடன் இருந்தால் ஒரு வாரத்திற்கு மேலும் உணவின்றித் தாங்கும். அம்மோனியாவைச் சில நாள்கள்கூடத் தாங்காது. பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஞ்சு வடிகட்டி ஒன்றை எடுத்து இதில் பொருத்தினோம். (இங்கிருந்து எதுவும் அங்கே திரும்பிப் போகலாகாது, வலையும் வாளியும் கூடத் தனித்தனி.)

இரண்டாம் பிழை ஐந்தாம் நாளில்தான் தெரிந்தது. மீன் வந்த பையின் நீரை மகள் ஒரு குவளையில் எடுத்து வைத்திருந்தாள். டிடிஎஸ் மீட்டரை அதில் வைத்தால் 190 என்று காட்டியது. தனித் தொட்டியில் வைத்தால் 1420. பெரிய தொட்டியின் மீன்கள் ஆண்டுக்கணக்கில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பழகியவை. புதியதையோ அரைமணி நேரத்தில் அதே நீருக்குள் விட்டிருந்தோம்! நன்னீர் மீனின் உடலில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுதி. நீர் இடைவிடாது செவுள் வழியே உள்ளே புக, சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளிநீரின் உப்பு திடீரென்று மாறினால் அந்தக் கணக்கு முழுவதும் கலைந்துபோகிறது. டிஸ்கஸோ அமேசான் ஆற்றுப் படுகையின் மென்மையான நீரைச் சேர்ந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாறைப்பாங்கான இந்நிலத்தின் நீர் இயல்பிலேயே கடினமானது. அதன்மேல், கெடாதிருக்கப் பச்சைத் தோலில் தூவும் உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவும் நீருடன் பல பத்தாண்டுகள் வெளியேறியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, பாலாறும் நிலத்தடி நீரும் தோல் ஆலைக் கழிவால் கெட்டதைப் பதிவு செய்து, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்றது. எங்கள் வீட்டு அடுப்பும் தோல் தொழிலால்தான் எரிகிறது. தீர்ப்பைப் பற்றி நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். ஒரு மீன் மூலையில் நின்று அதை நினைவூட்டும் என்று எண்ணியதில்லை.

ஒரேயடியாக மென்னீருக்கு மாற்றுவதும் கேடே. ஆகவே நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்ஓ நீரை மெல்லக் கலந்தோம். வெப்பத்தை 29 பாகையில் நிறுத்தினோம். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, விளக்கை அணைத்து, ஒதுங்கிக்கொள்ள ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம். இரண்டு நாள் உணவே இடவில்லை. "அத்தா, இன்னிக்காவது போடலாமா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு நாள்களே எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தன. கழிவு வெள்ளை நூல்போல் நீண்டு தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துவந்தோம். அவ்வாறு இருந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், பிறகு மருந்தின் பேச்சு வேறு. அல்ஹம்துலில்லாஹ், அப்படி எதுவும் இல்லை.

இதற்கிடையே கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு என்றார். சாக்கடைச் சேற்றில் வளரும் அப்புழு நோயையும் உடன் கொண்டுவரும் என்பதால் அதை வாங்க மனம் வரவில்லை. அசையும் இரையைக் கண்டு பழகிய மீனுக்கு அசையும் இரையே வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. உப்பு நீரில் ஆர்ட்டீமியா முட்டைகளை இட்டு, காற்றுக் குழாயை ஓடவிட்டோம். ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்தன. நன்னீரில் அலசி, சொட்டுக் குழாயால் சிறிதளவு விட்டோம்.

அது ஒன்பதாம் நாள், ஃபஜ்ருக்குப் பின். இளஞ்சிவப்புப் புள்ளிகள் நீரில் துடித்துப் பரவின. மீன் முதலில் ஒரு கண்ணைத் திருப்பியது. பின்பு சட்டியின் நிழலிலிருந்து அரையடி முன்னே வந்து, நீரைக் குடிப்பதுபோல் ஒருமுறை வாய் திறந்தது. மீண்டும் ஒருமுறை. மகள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்று வரை எண்ணியபின் அது திரும்பிச் சட்டியருகே போய்விட்டது. எஞ்சியதைக் கால்மணி நேரத்திற்குள் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டோம்.

பத்தாம் நாள் இரவில் மீட்டர் 400-ஐ ஒட்டிக் காட்டியது. இப்போது ஆர்ட்டீமியாவுடன் இரத்தப்புழுவையும் கலந்து கொடுக்கிறோம். கறுப்பு நீங்கிச் செம்மை தெரிகிறது. குருணையை மட்டும் இன்னும் வாயில் போட்டு உமிழ்கிறது. ஒரு வாளி ஆர்ஓ நீருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாளி உவர்நீர் கழிவாகிறது. அதைத் தெருச் சாக்கடையில் விட மனமின்றிக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் எடுத்துவைக்கிறோம். இன்று பதினெட்டாம் நாள். பெரிய தொட்டிக்கு மாற்ற இன்னும் பத்து நாள்கள் இருக்கின்றன. அதற்குள் அத்தொட்டியின் நீரையும் சிறிது சிறிதாக மென்மையாக்க வேண்டும்.