முதல் மூன்று கோப்புகள்

நம் திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய வேகா வரிசையைச் சேர்ந்த தேஜஸ்32 என்னும் சில்லு, 256 கிலோபைட் நினைவகத்துக்குள்ளேயே தன் காரியங்களை நிறைவேற்ற வேண்டியிருப்பதை எண்ணும்போதெல்லாம், இத்தகைய சிறு சாதனங்களுக்கு நிரல் எழுதத் தொடங்கும் மாணவர்களிடம், தேவையானவற்றை மட்டும் நிரலில் சேர்க்க உதவும் ஆரம்பக் கோப்புகளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுமென்ற ஆவல் எனக்கு உண்டாகிறது.

2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் ஆதரவில் அறிமுகமான ஸெஃபிர் இயங்குதளத்தை உதாரணமாகக் கொண்டால், நிரலைக் கட்டும் முறையைச் சொல்லும் ‘சிமேக்லிஸ்ட்ஸ்’, வேண்டிய அம்சங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘பிஆர்ஜே.கான்ஃப்’, செயலைத் தொடங்கிவைக்கும் ‘மெயின்.சி’ ஆகிய மூன்றுமே அதில் எழுதப்படும் நிரலுக்கு அஸ்திவாரம்; சிறு விளக்கொன்றைச் சிமிட்டவைக்கும் பயிற்சியிலோ, ‘பிஆர்ஜே.கான்ஃப்’ கோப்பிலுள்ள ‘கான்ஃபிக்_ஜிபிஐஓ=ஒய்’ என்னும் ஒற்றை வரியே அதற்குரிய இயக்கியை வரவழைத்துவிடுகிறது.

இக்கோப்புகளைக் கருவியொன்று க்ஷணத்தில் ஆக்கித் தருவது பெரும் உபகாரமே. ஆயினும், அவற்றின் ஒவ்வொரு வரியும் எதன்பொருட்டு நிற்கிறதென்பதைப் பொறுமையுடன் படித்தறிந்த பின்னரே மேற்செல்லுமாறு இளைஞர்களை அன்புடன் வேண்டுகிறேன்.