நடுகல் நாட்டில் ஓர் ஏட்டையா

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் ராஜபாட்டையில் கிருஷ்ணகிரி என்பது பெரும்பாலோருக்குக் காபி குடிப்பதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். மாம்பழக் காலமாயிருந்தால் ஒரு கூடை பழம் வாங்குவார்கள். ஊருக்கு மேலே நிற்கும் மலைக்கோட்டையை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு வண்டி கிளம்பிவிடும். இந்தத் தடவை அப்படிச் செய்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு நாம் இறங்கினோம். 1993-ம் வருஷம் முதல் இந்த ஊரில் சர்க்கார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கேயுள்ள கற்களைப் பார்க்க வேண்டும் என்பது நமது வெகுநாளைய ஆசை.

கற்கள் என்றால் சாமான்யக் கற்கள் அல்ல, நடுகற்கள். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் 2004-ம் வருஷம் வரையில் ஒரே ஜில்லாவாக இருந்தவை. இந்தப் பிரதேசத்திலும், இதற்குக் கிழக்கே செங்கத்தைச் சுற்றியுள்ள காடுகளிலும் கிடைத்திருக்கும் அளவு நடுகற்கள் தமிழ்நாட்டில் வேறு எங்கும் கிடைக்கவில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் அவை நிற்கின்றன. பல கிராமங்களில் 'வேடியப்பன்' என்று பெயரிட்டுப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்களைக் கேட்டால், அது யார், எந்தக் காலத்து மனிதர் என்பது தெரியாது. "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற சாமி" என்று சொல்லுவார்கள். அந்தச் சாமி ஒரு காலத்தில் நம்மைப்போல் சாப்பிட்டு, உழுது, சண்டையிட்டு, ஒரு நாள் பிறருக்காக உயிரை விட்ட மனிதன்.

கல்லிலே செதுக்கியிருக்கும் சித்திரத்தைப் பார்த்தால் கதை தானே விளங்குகிறது. கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன் ஒரு காலை முன்னே வைத்துப் பாய்கிறான். உடம்பில் அம்புகள் தைத்திருக்கின்றன. சிலவற்றில் பின்னால் மாடுகள் நிற்கின்றன. சிலவற்றில் தேவ மாதர்கள் அவனைக் கைகொடுத்து மேலுலகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். எழுத்து இருக்கும் கற்களில் வாசகம் வெகு சுருக்கம். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர், இன்னாருடைய மகன், தொறு மீட்டுப் பட்டான். அவ்வளவே. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்துபட்டான். பகைவர் ஆநிரையைக் கவர்வதை வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்பதைக் கரந்தை என்றும் நமது இலக்கணக்காரர்கள் வகுத்ததைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரையில் ஆறு படிகளைத் தொல்காப்பியர் சொல்லுகிறார். மனப்பாடம் செய்தபோது அதெல்லாம் புலவர்களின் கற்பனை என்று தோன்றியதுண்டு. இங்கே வந்து பார்த்தால் அது ஊர்க் கணக்குப்பிள்ளையின் பதிவைப் போல இருக்கிறது.

ஒரு கல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அது இந்த ஜில்லாவில் இல்லை. செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனுடைய 34-ம் ஆட்சியாண்டில் நட்டது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறுப் பூசலில் பட்டான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது. ஊரார் வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்பதையும் எழுதிவைத்தார்கள். காவல் காத்தது நாயாக இருந்தாலும் அதற்கும் பெயர் உண்டு, அதுவும் கல்லில் ஏற வேண்டும் என்று சுமார் 1,400 வருஷங்களுக்கு முன்னால் ஒரு காட்டுக் கிராமத்துக்குத் தோன்றியிருக்கிறது!

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். சூளகிரியைத் தாண்டியதும் காற்றிலே குளிர்ச்சி தட்டுகிறது. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதல்லவா? வழி நெடுகப் பாறை மலைகள். மலைகளைக் கல்லுடைப்பவர்கள் பாளம் பாளமாக அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஜில்லாவின் கருங்கல் மெருகேறிக் கப்பலேறிப் போகிறது. ஓசூரை நெருங்க நெருங்க மலைகள் பின்வாங்கித் தொழிற்சாலைகள் முன்னால் வருகின்றன. லாரி செய்யும் ஆலை, மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலை, கைக்கடிகாரம் செய்யும் ஆலை என்று ஆரம்பித்து, இப்போது கைப்பேசிப் பாகங்கள் வரையில் வந்திருக்கிறது. கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கின்றன. காய்கறி விற்கும் அம்மாள் ஒரு பாஷையில் விலை சொல்லி, மற்றொரு பாஷையில் பேரம் பேசி, மூன்றாவது பாஷையில் நம்மைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரியிடம் அபிப்பிராயம் தெரிவித்தாள்.

இந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள தொரப்பள்ளியில்தான் 1878-ம் வருஷம் ராஜாஜி பிறந்தார். 1930-ல் உப்பு அள்ளியதற்காக வேதாரண்யத்தில் அவரைப் போலீஸார் கைது செய்து கொண்டுபோனார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் டில்லியில் உள்நாட்டு மந்திரியானபோது அதே போலீஸ் அவருக்கு சல்யூட் அடித்தது. போலீஸைப் பற்றிய நம் ஜனங்களின் மனோபாவத்தில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. சிவப்புத் தலைப்பாகையைக் கண்டால் வீட்டுக்குள் ஒளிந்த பாட்டிமார்களுடைய பேரப்பிள்ளைகள் நாம். தடியடி பட்ட கதைகளும், ஸ்டேஷன் வாசற்படி ஏறப் பயந்த கதைகளும் நம் குடும்பங்களில் பழைய பாத்திரங்களைப்போல வழிவழியாக வருகின்றன. அந்தக் கதைகள் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். ஆனாலும் அந்தக் கதைகளையே சொல்லிக்கொண்டிருந்ததனால் வேறு ஒரு கதையைச் சொல்லத் தவறிவிட்டோமோ என்ற எண்ணம் ஓசூருக்கு வந்தபோது நமக்கு உண்டாயிற்று.

2016-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நடந்தது அது. பெண்களிடமிருந்து சங்கிலி பறிக்கும் கூட்டத்தினர் நடமாடுகிறார்கள் என்று அறிந்து அவர்களைப் பிடிக்க ஓசூர்ப் போலீஸார் புறப்பட்டார்கள். போனவர்களில் ஒருவர் ஹட்கோ போலீஸ் ஸ்டேஷனைச் சேர்ந்த தலைமைக் காவலர் முனுசாமி. மடக்கிப் பிடிக்கும்போது கள்ளர்கள் கத்தியை எடுத்துவிட்டார்கள். முனுசாமி குத்துப்பட்டு இறந்தார். உடன் சென்ற சப்-இன்ஸ்பெக்டரும் காயமடைந்தார்.

சங்கிலி பறிப்பது என்பதைப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்துச் சில்லறைச் செய்தியாகப் படித்துவிட்டு விடுகிறோம். பறிகொடுத்த வீட்டில் போய்க் கேட்டால் தெரியும். நம் பெண்களுக்குக் கழுத்துச் சங்கிலி வெறும் நகை அல்ல. பெண்ணின் கல்யாணத்துக்குச் சேமித்தது அது. கஷ்ட காலத்தில் அடகு வைப்பதற்கு இருப்பது அது. பல பேருக்கு அதில் தாலியே கோத்திருக்கிறது. ஓடுகிற வண்டியிலிருந்து பிடித்து இழுக்கும்போது கழுத்து அறுபடுகிறது. கீழே விழுந்து தலையில் அடிபடுகிறது. ஓசூரிலே ஆலைகளுக்கு வேலைக்குப் போய்வருகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இருட்டியபின் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிறார்களே, அந்த நூறு கஜ தூரம் பத்திரமாக இருந்தால்தான் இவ்வளவு தொழிற்சாலைகளும் நடக்கும். மோட்டார் சைக்கிள் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊரிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

பறித்தவர்கள் எங்கே போகிறார்கள்? ஓசூருக்கு வடக்கே ஜுஜுவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடக ராஜ்யம். மோட்டார் சைக்கிளுக்குச் சில நிமிஷ தூரம். அப்பால் பெங்களூர் மகாசமுத்திரம். எல்லையில் லாரிகளுக்குச் சோதனை உண்டு, கள்ளனுக்கு இல்லை. போலீஸாருக்கோ, அப்பால் போனால் வேறு ராஜ்யம், வேறு ஸ்டேஷன், வேறு பாஷையில் எழுதிய தஸ்தாவேஜு.

இதே காரணத்தினால்தான் இந்தப் பக்கத்தில் இத்தனை நடுகற்கள் இருக்கின்றன என்று யோசித்தபோது நமக்குத் தோன்றியது. பல்லவர்களும் கங்கர்களும் பாணர்களும் நுளம்பர்களும் முட்டிக்கொண்ட எல்லை நாடு இது. ஓர் அரசனுடைய எல்லைக்குள் மாட்டை ஓட்டி, மற்றோர் அரசனுடைய எல்லைக்குள் மறைந்துவிடலாம். அரசனுடைய படை வருவதற்குள் மந்தை மலை தாண்டிவிடும். ஆகவே யார் அருகில் இருந்தானோ அவனே வில்லை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வட்டெழுத்திலும் கன்னட எழுத்திலுமாக இங்கே கற்கள் நிற்பது எல்லை எப்படி முன்னும் பின்னும் நகர்ந்தது என்பதையே காட்டுகிறது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று தமிழில் பொருள் உண்டு. மாடு போய்ச் சங்கிலி வந்திருக்கிறது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய நாளில் மாட்டை மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. மாட்டைக் கவரப் போய்ப் பட்டவனுக்கும் அவனுடைய ஊரில் கல் உண்டு. இரண்டும் வீரமே என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம் என்று எண்ணுகிறோம்.

'ஹெட் கான்ஸ்டேபிள்' என்பது ஜனங்களின் நாக்கில் 'ஏட்டு' ஆகி, மரியாதைக்கு 'ஏட்டையா' ஆயிற்று. போலீஸ் உத்தியோகத்தில் இது நடுப்படி. காவலராகச் சேர்ந்து பல வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற பிறகு கிடைக்கிற படி. மேலே இருப்பவர்களுக்கு ஜீப்பும் பேட்டியும் உண்டு. ஏட்டையாவுக்குத் தெரிந்ததோ தெருவும் அதில் குடியிருக்கும் மனிதர்களுந்தான். எந்தச் சந்தில் எந்தப் பயல் புதிதாகச் சுற்றுகிறான் என்பதை அறிந்தவர் அவரே. ஆகையால் கள்ளனுக்கு அருகில் முதலில் போய்ச் சேருகிறவரும் அவரேயாகிவிடுகிறார். இந்த மூலையில் முனுசாமி. மற்றோர் எல்லையில், களியக்காவிளைச் சோதனைச் சாவடியில், 2020-ம் வருஷம் ஜனவரி 8-ந் தேதி இரவு சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன். இருவரும் பெரிய உத்தியோகஸ்தர்கள் அல்ல.

சர்க்கார் தன் கடமையைச் செய்யவில்லை என்று சொல்லுவதற்கில்லை. முனுசாமியின் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அளிப்பதாக அப்போது முதல்மந்திரியாயிருந்த ஜெயலலிதா அறிவித்தார். அவருடைய புதல்வியின் படிப்புச் செலவையும் சர்க்கார் ஏற்பதாகச் சொன்னார். வருஷந்தோறும் அக்டோபர் 21-ந் தேதி நாடெங்கும் போலீஸார் மைதானங்களில் அணிவகுத்து, துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து, இறந்த தோழர்களுக்கு அஞ்சலி செய்கிறார்கள். அந்தத் தேதிக்குக் காரணமும் ஓர் எல்லைதான். 1959-ல் அதே தினத்தில் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், காணாமற்போன சகாக்களைத் தேடிச் சென்ற போலீஸ் படையைச் சீனத் துருப்புகள் சுட்டன. பத்துப் பேர் மாண்டார்கள். டில்லி சாணக்கியபுரியில் 2018-ம் வருஷம் தேசியப் போலீஸ் நினைவிடம் திறக்கப்பட்டது. 30 அடி உயரம், 238 டன் நிறையுள்ள கருங்கல் அங்கே நிற்கிறது. பக்கத்துச் சுவரில், திறந்த சமயத்தில், 34,844 பெயர்கள் இருந்தன.

இதெல்லாம் சரியே. ஆனால் கிருஷ்ணகிரிக் கற்களைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் கற்களை அரசன் நடவில்லை. அரசனுடைய ஆண்டு மேலே இருக்கும். நட்டவர்கள் உறவினரும் ஊராரும். யாருடைய மாடு மீண்டதோ அவர்கள் கல்லைத் தேடிப் போனார்கள், நீராட்டினார்கள், நட்டார்கள், படையலிட்டார்கள். போலீஸார் போலீஸாருக்குச் செய்யும் அஞ்சலியில் அழகு இருக்கிறது. அதில் நாம் வேடிக்கை பார்ப்பவர்கள்கூட அல்ல. அக்டோபர் 21 என்ன நாள் என்று நம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களைக் கேட்டாலும் பாதகமில்லை.

கல்லுக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை. செதுக்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. பெரிய ஸ்தூபி ஒன்றும் வேண்டியதில்லை. ஆலை பஸ்கள் நிற்கும் இடங்களில் ஒன்றில், வேலை முடிந்து இறங்கும் பெண்களின் கண்ணில் படும்படி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கல். எழுத வேண்டியது பழைய முறைப்படி நாலு வரி: 2016-ம் ஆண்டு, ஓசூர், ஹட்கோ ஸ்டேஷன் ஏட்டு முனுசாமி, சங்கிலி பறிக்கும் கள்ளரைப் பிடிக்கப் போய்ப் பட்டார். கடைசி வரி நட்டவர்களுடைய பெயர். அதை ஓசூர்க்காரர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.