ஒரு குளோ எஞ்சினின் ஓட்டக் குறிப்பேடு

நாள் 1: மேசை மேல்

மாதிரி விமானங்களை ஓட்டும் குளோ எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரின் தலையில் திருகியிருக்கும் குளோ பிளக்கினுள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. கிளப்பும்போது 1.5 வோல்ட் பேட்டரி அதைச் செக்கச்செவேலெனக் காய்ச்சுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். முந்தைய எரிப்பின் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வினையும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் 1947-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தப் பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை எஞ்சின் பூட்டிய மாதிரி விமானங்கள் பெரும்பாலும் இக்னிஷன் காயில், கண்டென்சர், பேட்டரி என்று அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டே பறந்தன.

பாரம் குறைந்தது, ஆனால் கலவை எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்பதை நேராக முடுக்கி வைக்க ஒரு திருகுகூட இல்லாமல் போனது. கலவையில் எரிபொருள் எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு, சுருள் எவ்வளவு சூடு, புரொப்பல்லர் எவ்வளவு பாரம் என்பவை கூடித்தான் அதைத் தீர்மானிக்கின்றன. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் கலவை முன்கூட்டியே பற்றும். முன்கூட்டியே பற்றினால் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலுக்குள் எஞ்சின் விழாமல் காப்பதுதான் டியூனிங். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் இதைச் சுற்றியே வருகின்றன.

மேசை மேல் இருப்பது 0.46 கன அங்குல எஞ்சின், ஏறத்தாழ 7.5 சி.சி., 2-ஸ்ட்ரோக், இரண்டு பால் பேரிங். அலுமினியப் பிஸ்டன், நிக்கல் பூசிய பித்தளை லைனர். குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் பிஸ்டன் மேல் முனைக்குக் கொஞ்சம் முன்னால் இறுகி நிற்கிறது. இது பழுது அன்று. லைனரின் மேற்பகுதி வேண்டுமென்றே ஒரு மயிரிழை குறுக்கிச் செய்யப்பட்டிருக்கிறது. ஓடும்போது அந்த மேற்பகுதிதான் அதிகம் சூடேறும். பித்தளை விரிந்து லைனர் நேராகிவிடும். எனவே குளிர்ந்த எஞ்சினைச் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பது கெடுதல். முடி உலர்த்தியால் தலையைச் சூடாக்கிய பிறகே சுற்ற வேண்டும்.

நாள் 2: எரிபொருள்

கேனில் நூற்றுக்கு 72 பங்கு மெத்தனால், 18 பங்கு எண்ணெய், 10 பங்கு நைட்ரோமீத்தேன். எண்ணெயில் ஒரு பகுதி செயற்கை எண்ணெய், மீதி விளக்கெண்ணெய். முதல் உலகப் போர்க்கால ரோட்டரி விமான எஞ்சின்களும் இதே விளக்கெண்ணெயில்தான் ஓடின. மற்ற எண்ணெய்கள் எரிந்து காணாமல் போகும் சூட்டிலும் விளக்கெண்ணெய் உலோகத்தை விட்டு விலகாது. கலவை மெலிந்துபோன ஒரு நிமிடத்தில் எஞ்சினைக் காப்பாற்றுவது அதுதான். செயற்கை எண்ணெய் மட்டுமே கலந்த எரிபொருள் சுத்தமானது. ஆனால் தவறைப் பொறுக்காது.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 பங்கே போதும். அதே காற்றுக்கு இருமடங்குக்கு மேல் எரிபொருள் போகிறது என்பதால்தான் இந்தச் சின்ன எஞ்சின்கள் இவ்வளவு குடிக்கின்றன. நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவது. அது சேர்ந்தால் சக்தியும் கூடும், ஐட்லிங்கும் நிதானப்படும்.

மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூடி திறந்து கிடந்த கேனை நம்பக் கூடாது. கள்ளக்குறிச்சியில் 2024-இல் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்ததும் இதே மெத்தனால்தான். தோல் வழியாகவும் அது உடலில் இறங்கும். வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. கேனில் பெரிய எழுத்தில் "விஷம்" என்று எழுதி, பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில் வைக்கப்பட்டது.

நாள் 3: முதல் ஓட்டம்

கெட்டியான மரப்பலகையில் நான்கு போல்ட்டுகளால் எஞ்சின் பொருத்தப்பட்டது. புரொப்பல்லர் 11×5: விட்டம் 11 அங்குலம், ஒரு சுற்றுக்கு, வழுக்கல் இல்லையென்றால், 5 அங்குலம் முன்னேறும் சாய்வு. பழகும் காலத்தில் பாரம் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக இது.

எரிபொருளை அளக்கும் கார்புரேட்டர் ஊசி முழுக்க மூடப்பட்டு, இரண்டரைத் திருப்புத் திறக்கப்பட்டது. த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கார்புரேட்டர் வாயை விரலால் அடைத்து இரண்டு சுற்று. டியூபில் எரிபொருள் ஓடிவருவது தெரிந்தது. பிறகு த்ராட்டில் கால் பங்கு, பிளக்கில் பேட்டரி. எரிபொருள் நிரம்பிவிட்டால் பிஸ்டன் தண்ணீரை அமுக்குவதுபோல் தடைப்படும். அப்போது மின் ஸ்டார்ட்டரை வைத்து வம்பாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, சுற்றி, வழியவிடுவதே முறை.

எஞ்சின் கிளம்பிய கணத்திலிருந்து ஆள் நிற்க வேண்டிய இடம் புரொப்பல்லருக்குப் பின்புறம். பேட்டரியைக் கழற்றுவதும் ஊசியைத் திருப்புவதும் பின்னாலிருந்துதான். சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கத்தில் யாரையும் நிற்கவிடக் கூடாது. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் கிட்டே வரலாகாது. நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடும் புரொப்பல்லர் கண்ணுக்கு வெறும் பனிப்படலம். விரலுக்கு அது அரிவாள்.

பழைய இரும்புப் பிஸ்டன் எஞ்சின்களை நெடுநேரம் எரிபொருள் வழிய வழிய ஓட்டிப் பழக்குவார்கள். வளையமிட்ட பிஸ்டன்களுக்கும் ஏறக்குறைய அதே வழக்கம். பித்தளை லைனருக்கு அது பொருந்தாது. வழிய வழிய ஓடினால் லைனர் போதிய சூட்டுக்கு வராது. விரியாத குறுகலில் பிஸ்டன் உரசிக்கொண்டே இருக்கும். இறுக்கம் வீணாகத் தேயும். எனவே முதல் நிமிடத்துக்குள்ளேயே ஊசி சற்று மூடப்பட்டது. ஒன்றுவிட்ட சுற்றில் வெடிக்கும் "தட தட" ஓசையிலிருந்து, ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும் "ஙீ" என்ற இழுப்புக்கு எஞ்சின் தாவும் எல்லைக்கோட்டில் அது நிறுத்தப்பட்டது. இரண்டு நிமிடம் ஓட்டம், பிறகு நிறுத்தி, பிஸ்டனைக் கீழ் முனைக்கு இறக்கி, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடுதல். ஆறும்போது பிஸ்டன் மேலே இருந்தால் சுருங்கும் லைனர் அதைக் கவ்விக்கொள்ளும். இப்படி ஆறு முறை.

நாள் 5: மேல் ஊசி

புரொப்பல்லர் 11×6. முழுத் த்ராட்டிலில் ஊசி ஒவ்வொரு க்ளிக்காக மூடப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஐந்தாறு விநாடி பொறுமை. டாக்கோமீட்டரில் உச்சம் 12,600. இன்னொரு க்ளிக் மூடினால் சுற்று ஏறுவதுபோல் ஏறித் தளர்கிறது. உச்சத்தைக் கண்டுபிடித்ததும் அங்கே நிற்கக் கூடாது. ஊசியைத் திரும்பத் திறந்து 12,300-க்கு இறக்கியாயிற்று. உச்சத்திலிருந்து 200, 300 சுற்று இழப்பது நட்டம் அன்று. பறக்கும்போது புரொப்பல்லரின் பாரம் குறைந்து சுற்று கூடும், டேங்கில் மட்டம் இறங்கும், கலவை தானாகவே மெலியும். அதற்கான இடத்தைத் தரையிலேயே விட்டுவைக்க வேண்டும்.

டாக்கோமீட்டர் இல்லாதவருக்கு விரல்கள் போதும். முழு ஓட்டத்தில் எரிபொருள் டியூபை ஒரு கணம் நெருடிவிட்டால், சுற்று சற்றே ஏறி இறங்க வேண்டும். ஏறவே இல்லாமல் தொய்ந்தால் கலவை ஏற்கெனவே லீன், அதாவது எரிபொருள் குறைவு. வெகுவாக ஏறினால் இன்னும் ரிச், அதாவது எரிபொருள் மிகுதி. அடுத்து, விமானத்தின் மூக்கை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பத்து விநாடி பிடித்துப் பார்த்தல். நிமிர்ந்ததும் ஓசை தொய்ந்தால் இரண்டு க்ளிக் திறக்க வேண்டும்.

புகைக்கோடு ஒரு நல்ல சாட்சி. வெண்புகை மெல்லியதாகத் தொடர்ந்து வந்தால் நிம்மதி. புகையே இல்லாமல், கடுகு தாளிப்பதுபோல் படபடவென்ற பொரியல் ஓசை கேட்டால் எஞ்சின் உள்ளுக்குள் அடிவாங்குகிறது. உடனே த்ராட்டிலை இறக்க வேண்டும்.

நாள் 6: ஐட்லிங்

முழு ஓட்டத்துக்கான மேல் ஊசி சரியான பிறகே ஐட்லிங்குக்கான கீழ்க் கலவையைத் தொடலாம். வரிசை மாறினால் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது முக்கியம். சில கார்புரேட்டர்களில் கீழ்த் திருகு எரிபொருளை அளக்கும். அதை உள்ளே திருப்பினால் கலவை லீன் ஆகும். சிலவற்றில் முன்பக்கம் ஒரு சின்னத் துளையும் அதன் வாயில் ஒரு திருகும் இருக்கும்; அது காற்றை அளப்பது. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும். இரண்டும் நேர் எதிர்.

எஞ்சின் 2,400 சுற்றில் அரை நிமிடம் விடப்பட்டது. பிறகு த்ராட்டில் சட்டென்று முழுதாகத் திறக்கப்பட்டது. திணறி, எண்ணெயைத் துப்பி, புகை கக்கிக்கொண்டே ஏறியது. கீழே ரிச். எட்டில் ஒரு பங்கு திருப்பில் மாற்றி மீண்டும் அதே சோதனை. மூன்றாம் முறை தடையில்லாமல் ஏறியது. புகையில்லாமல் பட்டென்று அணைந்திருந்தால் லீன் என்று பொருள். கடைசியில் மேல் ஊசி மறுபடி ஒருமுறை சரிபார்க்கப்பட்டது.

நாள் 9: நண்பகல்

காலை ஆறு மணிக்கு அருமையாக ஓடிய எஞ்சின் நண்பகலில் மந்தமாகத் தடதடத்தது. யாரும் ஊசியைத் தொடவில்லை. வெயில் ஏறினால் காற்று இலேசாகும். அதே எரிபொருளுக்குக் காற்று குறையும். கலவை ரிச் ஆகும். இரண்டு க்ளிக் மூடியதும் சரியாயிற்று. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. நண்பகலில் மூடிய ஊசியோடு மறுநாள் குளிர்ந்த விடியலில் பறந்தால் எஞ்சின் லீனாக ஓடும். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இரண்டு க்ளிக் திறந்தே தொடங்குவது நல்ல வழக்கம்.

நாள் 14: வானத்தில் அணைந்தது

ஏறும்போது எஞ்சின் இழுத்து, ஓசை மெலிந்து, நின்றது. விமானம் மிதந்து இறங்கியது. இந்த மாதிரி வேளையில் கை தானாக ஊசிக்குப் போகும், போகக் கூடாது. நேற்று சரியாக இருந்த ஊசி இன்று தானே கெடாது. தேட வேண்டிய இடங்கள் வேறு.

முதலில் பிளக். பேட்டரியைக் கழற்றியதும் சுற்று விழுந்தாலோ, சுருள் வெளிறி, நெளிந்து, மணல் தடவியதுபோல் இருந்தாலோ அதை மாற்ற வேண்டும். இங்கே சுருள் பளபளப்பாகவே இருந்தது. (நைட்ரோ இல்லாத எரிபொருளுக்குச் சூடான வகைப் பிளக், நைட்ரோ மிகுந்ததற்குக் குளிர்ந்த வகை, இந்தக் கலவைக்கு நடுத்தரம்.) அடுத்து டேங்க். அதன் நடுக்கோடு கார்புரேட்டர் ஊசியின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். சுற்றிலும் ஸ்பாஞ்சு வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருள் நுரைத்துக் குமிழியாகப் போகும். இரண்டும் சரி. டேங்கைக் கழற்றித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதியபோது குமிழி எதுவும் வரவில்லை.

பிழை டேங்கின் உள்ளே இருந்தது. எடைக்குண்டு கோத்த டியூப் எரிபொருள் இருக்கும் பக்கமெல்லாம் விழுந்து உறிஞ்ச வேண்டியது. குண்டின் கழுத்தருகே அதில் ஊசி நுழையுமளவு பிளவு. டேங்க் நிரம்பியிருக்கையில் பிளவும் எரிபொருளுக்குள் இருக்கும். மட்டம் இறங்கியதும் காற்றை இழுக்கும். புது டியூப் போட்டதும், ஒரு க்ளிக்கும் மாற்றாமல், எஞ்சின் கடைசிச் சொட்டுவரை ஓடியது.

கிராங்க் கேஸில் காற்றுக் கசிவு இருந்தாலும் இதே போன்ற தடுமாற்றம் வரும். த்ராட்டிலை மூடிய பிறகும் சுற்று உடனே இறங்காமல் தொங்குவது அதன் அடையாளம். பின்மூடியின் கேஸ்கெட், கார்புரேட்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம் இரண்டையும் பார்க்க வேண்டும்.

நாள் 14, மாலை: நிறுத்திய பின்

ஒவ்வொரு நாளின் கடைசி ஓட்டத்துக்குப் பிறகும் இதே முறை. டேங்கை வடித்தாயிற்று. எஞ்சினை மறுபடி கிளப்பி, டியூபில் மிச்சமிருந்ததும் தீர்ந்து தானாக நிற்கும்வரை விடப்பட்டது. உள்ளே தங்கும் மெத்தனால் ஈரத்தை இழுக்கும். நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகி பேரிங்கைத் தின்னும். சூடு ஆறுமுன் பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டுக் காப்பெண்ணெய், பத்துச் சுற்று, வெளிப்புறம் துணியால் துடைப்பு. ஐந்து நிமிட வேலை. எஞ்சின் ஐந்து வருடம் ஓடுமா, இருபது வருடம் ஓடுமா என்பது பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

நாள் 60: பிரித்துப் பார்த்தல்

சுற்றும்போது பின் பேரிங்கில் மணல் அரைபடும் ஓசை. வெளிவரும் எண்ணெயும் பழுப்பு. துரு. தலைத் திருகுகள், பின்மூடி, லைனர், பிஸ்டன், கிராங்க் எல்லாம் கழன்றன. லைனரின் எந்தப் பக்கம் முன்னால், கனெக்டிங் ராடின் எண்ணெய்த் துளை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றும் வரைந்து வைக்கப்பட்டது. வெறும் கேஸை அடுப்பில் 150 டிகிரிவரை சூடாக்கி, மரக்கட்டையில் தட்டியதும் பேரிங் தானே விழுந்தது. அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும் என்பதால் சுத்தியலுக்கு வேலையில்லை. புதிய பேரிங்கை உறைபெட்டியில் வைத்துச் சுருக்கி, சூடான கேஸில் இறக்கினால் வழுக்கி அமரும்.

கேஸின் மேல் கருகிப் படிந்த விளக்கெண்ணெயைச் சுரண்டக் கூடாது. எதிலீன் கிளைக்கால் கலந்த ரேடியேட்டர் கூலண்டில், ரப்பர் வளையங்களை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் சில மணி நேரம் மிதமாகச் சூடாக்கி, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உலோகம் வெளுத்து வரும். அந்தத் திரவமும் விஷம். அந்தப் பாத்திரம் இனிச் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. தலைத் திருகுகள் எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கப்பட்டன.

நாள் 61: எடுத்து வைத்தல்

எண்ணெய் விட்டு, பிஸ்டனைக் கீழே இறக்கி, கார்புரேட்டர் வாயிலும் மஃப்ளர் வாயிலும் சுத்தமான துணி அடைத்து, காற்றுப் புகாத பையில் இட்டுக் கட்டப்பட்டது. நெடுநாள் கழித்து எடுக்கும்போது விளக்கெண்ணெய் பிசினாகிச் சுற்றாமல் நின்றால், வலுக்கட்டாயமாகத் திருப்பாமல் முடி உலர்த்தியால் சூடாக்கி, கொஞ்சம் எரிபொருள் விட்டு ஊறவைக்க வேண்டும். பையின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியது: மேல் ஊசி 1 முக்கால் திருப்பு, புரொப்பல்லர் 11×6, நைட்ரோ 10, பின் பேரிங் புதிது, முதல் டேங்க் ரிச்சாக ஓட்டவும்.