128-க்கு மேலே

அக்டோபர் 11, 2025, சனி

பழைய நகரத்துத் தேவ்டி மாளிகை ஒன்றை லேசர் ஸ்கேன் செய்து வந்த புள்ளிகளைக் கட்டட வரைவு மென்பொருளான ரெவிட்டில் ஏற்றினேன். 64 ஜிபி ரேமும் நிரம்பிவிட்டது. மீதியை டிஸ்கில் எழுத ஆரம்பித்ததும் மவுஸ் அம்பு கூழில் விழுந்த ஈயாக நகர்ந்தது. இனி புது மெஷின்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் வரும் செவ்வாயோடு முடிகிறது. இதிலிருக்கும் ஏழாம் தலைமுறை பிராசஸரை 11 சேர்த்துக்கொள்ளாது.

அக்டோபர் 12, ஞாயிறு

அக்கா பையன் சாப்பிட வந்தான். ஹைடெக் சிட்டியில் சிப் டிசைன் வேலை. "லினக்ஸுக்கு மாறிடுங்க மாமா" என்றான். அவன் உலகத்தில் கேடன்ஸ், சினாப்சிஸ் எல்லாம் ஓடுவது லினக்ஸ் சர்வரில். கையிலிருக்கும் லேப்டாப் வெறும் வாசற்கதவு. சினிமா கிராஃபிக்ஸ்காரர்களுக்கும் மாயா, ஹூடினி லினக்ஸில் கிடைக்கின்றன. ரெவிட்டுக்கு மட்டும் அந்தப் பதிப்பே கிடையாது.

"லினக்ஸ்லயே வைன் போட்டு ரெவிட்டை ஓட்டிப் பாருங்களேன்."

"கிளையன்ட் டிராயிங்கை வச்சுச் சோதனை பண்ற வயசு எனக்குப் போயிடுச்சுடா."

ஓஎஸ்ஸை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். ரெவிட் பழகிய அன்றே அது முடிவாகிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

செகந்திராபாத், செனாய் டிரேட் சென்டர். நான்கு 48 ஜிபி ரேம், மொத்தம் 192. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் வேகம் சற்று இறங்கும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். ரேம் விலை ஏறிக்கொண்டே போகிறது, நாளைக்கு இதே விலை இருக்காது என்றும் சொன்னார். "விண்டோஸ் ஹோம் போட்டுத் தரேன் பாய், சஸ்தா."

நக்கோ என்றேன். விண்டோஸ் 11 ஹோம் 128 ஜிபிக்கு மேல் தொடாது. மிச்சம் 64 ஜிபி சும்மா கிடக்கும். இன்றைக்கு என் பழைய மெஷினில் இருப்பதே அவ்வளவுதான்! ப்ரோ என்றால் 2 டிபி வரை, வொர்க்ஸ்டேஷன் பதிப்பு 6 டிபி வரை போகும். எனக்கு ப்ரோ போதும்.

ராத்திரி பழைய நினைப்பு. 2007-இல் எக்ஸ்பி மெஷினில் 4 ஜிபி போட்டால் 3.25 என்று காட்டும். ஒரு புரோகிராமுக்குக் கிடைப்பது 2 ஜிபிதான், பூட்.ஐஎன்ஐ கோப்பில் '/3ஜிபி' என்று ஒரு சொல் சேர்த்து இன்னொரு ஜிபியைப் பறிப்போம். அதுவும் சில சமயம் கிராஃபிக்ஸ் கார்டைக் கவிழ்க்கும். இரண்டை முப்பத்திரண்டு தடவை பெருக்கினால் 4,294,967,296. அதற்குமேல் முகவரி இல்லை, கணக்கோடு என்ன சண்டை என்று விட்டுவிட்டோம். அதே 32 பிட்டில் சர்வர் 2003-இன் விலை கூடிய பதிப்பு 64 ஜிபி வரை எட்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சாதாரண மெஷின்களில் டிரைவர்கள் குழம்பும் என்று காரணம் சொன்னார்கள். பாதி நியாயம்தான். இன்றைய 64 பிட்டில் கணக்கின் கூரை கண்ணுக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது. 128 என்ற கோடு விலைப்பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலைப் போட்ட விண்டோஸ்காரர்களின் வளாகம் இங்கேதான், கச்சிபௌலியில். இந்த ஊருக்கு 1998-இலேயே வந்துவிட்டார்கள்.

அக்டோபர் 18, சனி

மெஷின் வந்தது. பொத்தானை அழுத்தினேன், விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. ஐந்து நிமிஷம் ஆயிற்று. வயிற்றைக் கலக்க, கடைக்குப் போன் போட்டேன்.

"ஹல்லு பாய், ஹல்லு" என்றார். மெமரி டிரெயினிங்காம். புது ரேம் நான்கையும் போர்டு தட்டிப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. முதல் தடவை மட்டும் இவ்வளவு நேரம். சொல்லி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்தது.

தேவ்டியைத் திறந்தேன். ரேம் 141 ஜிபியில் போய் நின்றது. மாடி வளைவை மவுஸால் திருப்பினால் கையோடு கூடவே திரும்புகிறது. பழைய மெஷினில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கோப்புகள் வைக்க வேண்டும்; தீபாவளிக்கு வரும்போது போட்டுத் தருகிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான்.